இண்டைக்கு நான் சரியில்லை

1

இந்தக் கதை ஒரு தவறான மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் உத்தி மாதிரித் தெரியும்.

நான் வவுனியாவில் இருக்கிறேன். கதை எழுதுவது என் பழக்கம். கூட்டங்களில் ஆங்கிலத்தைத் தமிழாகவும் தமிழை ஆங்கிலமாகவும் உடனுக்குடன் மாற்றிச் சொல்வது என் தொழில். சென்ற வருடம் கிளிநொச்சியில் ஒரு விடுதி மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை நடந்தது. தலைப்பு, 'மாற்றத்தின் காலத்தில் நிதானமான தலைமைத்துவம்'. கொழும்பிலிருந்து வந்த பெண் பயிற்றுநர் ஆங்கிலத்தில் பேசினார். கூட்டுறவுச் சங்கங்கள், முன்பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் என்று பல இடங்களிலிருந்தும் வந்த முப்பது பேர் கதிரைகளில் இருந்து கேட்டார்கள். நடுவில் நான்.

இரண்டாம் நாள் பயிற்றுநர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். மற்றவர்கள் பதறும்போது நீங்கள் எப்படி அமைதியாக இருக்கிறீர்கள்? பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து சொன்னார்.

"நான் அமைதியா இருக்கிறேல்லை. அமைதியா இல்லை எண்டு எனக்கு விளங்கும். அவ்வளவுதான்."

நான் அதை ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: தனக்குள்ளே எப்போதும் ஓர் அமைதி இருக்கிறது என்று இவர் சொல்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. அவர் வாயைத் திறந்ததுமே என்ன சொல்வார் என்று நானே முடிவுசெய்துவிட்டேன். பயிற்றுநர் கைதட்டினார். அவர் தட்டியதால் மண்டபமும் தட்டியது. அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் வந்தார்.

"அண்ணை, நான் சொன்னதை மாத்திப்போட்டியள். எனக்கு இங்கிலீஷ் கதைக்க வராது. கேட்டால் விளங்கும்."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டும். அவாவுக்குத் திரும்பச் சொல்லுவியளோ?"

சொல்வதாகச் சொன்னேன். சாப்பாடு முடிந்து வந்தபோது பயிற்றுநர் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தார். நான் சொல்லவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பெண்ணின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தேன். பெயர் தாட்சாயினி. அதன் பிறகு நான்கு தடவை அவருடைய ஊரான துணுக்காய்க்குப் போனேன்.

2

முதல் தொடக்கம்:

அதிகாலைப் பனி காட்டின்மேல் வெண்துகிலாய் விரிந்து கிடக்க, தாட்சாயினி தன் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டியபடி மரணத்தை நோக்கி

[இங்கே நிறுத்தினேன். அவர் மரணத்தை நோக்கிப் போகவில்லை. வேலைக்குப் போனார்.]

இரண்டாம் தொடக்கம்:

போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் கடந்தும் வன்னி மண்ணின் அடியில் இன்னமும்

[இப்படித் தொடங்கும் அறிக்கைகளை எத்தனையோ தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். அவற்றில் ஆட்கள் வருவதில்லை.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். தாட்சாயினிக்கு வயது நாற்பத்திரண்டு. துணுக்காயில் வீடு. கணவர் வயல் செய்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். தாட்சாயினி பன்னிரண்டு வருடங்களாக மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தார். கடைசி ஐந்து வருடமும் எட்டுப் பெண்கள் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைவி.

* எட்டுப் பேரில் இரண்டு பேர்தான் இந்தக் கதையில் பேசுவார்கள். மற்ற ஆறு பேரும் வாய் திறக்காதவர்கள் என்று எண்ண வேண்டாம். எனக்கு இரண்டு குரல்களைத்தான் பிரித்து எழுத வந்தது.

வேலை இப்படி. சந்தேகமான நிலத்துக்குள் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. ஒருவர் அதில் முழந்தாளிட்டு, முன்னாலுள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோதிப்பார். சோதித்த மண்ணுக்கும் சோதிக்காத மண்ணுக்கும் இடையில் குறுக்கே ஒரு சிவப்புத் தடி கிடக்கும். தடிக்கு இந்தப் பக்கம் முழங்காலை வைக்கலாம். அந்தப் பக்கம் வைக்கக்கூடாது. ஒரு துண்டு முடிந்தால் தடி முன்னே நகரும். தலைவியின் வேலை எட்டுப் பாதைகளையும் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பது. தடி எங்கே, முழங்கால் எங்கே, முகக்கவசம் இறங்கியிருக்கிறதா. பார்ப்பது மட்டும்தான்.

3

கதை நடக்கும் மாதத்தில், இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்த நாடு தன் முடிவை மாற்றிக்கொண்டது. எந்த நாடு, எந்த நிறுவனம் என்பதெல்லாம் கதைக்கு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தாட்சாயினிக்கு மேலே இருந்த அதிகாரி கிருசாந்தன் தொலைபேசியில் சொன்னான். திட்டம் மாதக் கடைசியோடு நிற்கிறது. இன்னும் மூன்றரைக் கிழமை. எட்டுப் பேரில் மூன்று பேரை வேறொரு குழுவில் சேர்க்கலாம். அந்த மூன்று பெயரை அவரே தரவேண்டும். வெள்ளிக்கிழமை கடிதம் வரும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது.

தாட்சாயினி சொல்லவில்லை. திங்கட்கிழமை வழமைபோல வேலை நடந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. நிதானத்தைப் பற்றிய கதையின் நடுவில் இருப்பவர், நம்பி மண்ணுக்குள் இறங்குகிறவர்களிடம் ஒரு முழு நாள் மறைத்திருக்கிறார். இதை விட்டுவிட்டு எழுதலாமா என்று பார்த்தேன். எழுதினால் கதை சுத்தமாக இருந்தது. அதனாலேயே நம்பமுடியவில்லை. நேரே கேட்டேன்.

"சொல்லவேண்டாம் எண்டவை. அது ஒண்டு," என்றார். "சொன்னால் பிள்ளையள் அழுவினம், நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கவேணும். அது மற்றது. ரெண்டாவதுதான் சரியான காரணம்."

"அண்டைக்கே அது விளங்கினதோ?"

"இல்லை. செவ்வாய்க்கிழமைதான் விளங்கினது."

4

திங்கள் பின்னேரமே, திட்டம் நிற்கப்போவதை வேறொரு குழுவிலிருந்த ஒருத்தி ஜெயரூபிக்குச் சொல்லிவிட்டாள். ஜெயரூபிக்கு முப்பத்தாறு வயது. குழுவில் வேகமான கை அவளுடையது, உரத்த குரலும் அவளுடையது. செவ்வாய் காலை வாகனத்தில் வரும்போதே எட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. தாட்சாயினியிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஜெயரூபி ஒன்றுமில்லாத விசயத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கவசங்களை மாட்டிக்கொண்டிருந்த நேரம் தாட்சாயினி சுமித்திராவிடம், "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

* சுமித்திராதான் குழுவில் இளையவள், இருபத்தேழு வயது. தர்மபுரத்துப் பிள்ளை. அவளுடைய குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியது. வீட்டில் 'ஆமா' என்பாள், வேலையில் 'ஓம்' என்பாள். மனம் சரியில்லாத நாளில் வேலையிலும் 'ஆமா' வந்துவிடும். தாட்சாயினிக்கு இது தெரியும். அன்றைக்கும் காதில் விழுந்தது. ஆனாலும், "முகக்கவசத்தைத் துடைச்சுப் போடு" என்றுதான் சொன்னார்.

எட்டுப் பேரும் பாதைகளில் இறங்கினார்கள். தாட்சாயினி சுற்றிவரத் தொடங்கினார். முதல் பாதை, இரண்டாம் பாதை, மூன்றாம் பாதை. நான்காம் பாதைக்கு வந்து நின்றபோது, மூன்றாம் பாதையில் என்ன பார்த்தார் என்று அவருக்கு நினைவில்லை. சுமித்திராவின் முதுகு தெரிந்தது, அது நினைவிருந்தது. தடி? இருந்திருக்கும்.

'இருந்திருக்கும்' என்று தான் நினைத்ததை அவர் கவனித்தார்.

திரும்பிப் போய்ப் பார்த்தார். தடி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. முழங்காலும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. முகக்கவசம் இறங்கியிருந்தது. ஒரு பிழையும் இல்லை.

விசிலை எடுத்து ஊதினார். எட்டுப் பேரும் கருவிகளை வைத்துவிட்டு, வந்த தடத்திலேயே வெளியே வந்தார்கள்.

5

வெயிலுக்குக் கட்டிய தறப்பாள் நிழலில் எல்லோரும் இருந்த பிறகு தாட்சாயினி சொன்னதை, அவரும் சுமித்திராவும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன.

"ஒருத்தரிலயும் பிழையில்லை. திட்டம் மாதக் கடைசியோட நிக்குது. உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்கு விளங்குது. எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். சொல்லவேண்டாம் எண்டவை, நான் சொல்லேல்லை. இப்ப சுமித்திராவின்ர பாதையைப் பாத்தனான். என்ன பாத்தன் எண்டு கேட்டால் எனக்குத் தெரியேல்லை. இண்டைக்கு நான் சரியில்லை. நான் சரியில்லாட்டி நீங்கள் ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது. வேலை இவ்வளவுதான்."

 ஜெயரூபி எழுந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையே தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு நேற்று முழுக்க எங்களை மண்ணுக்குள்ள விட்டிட்டு நிண்டனீங்கள்."

"ஓம்."

"உங்களுக்கு வேறை இடம் தருவினம். எங்களுக்கு?"

"எனக்குத் தருவினமோ தெரியாது. மூண்டு பேருக்கு இடம் இருக்காம். ஆர் எண்டு என்னை எழுதித் தரச்சொன்னவை. இன்னும் எழுதேல்லை."

இதை அந்த நேரம் சொல்லியிருக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயரூபி கத்தினாள். "நல்லாத்தான் நடிச்சியள் அக்கா," என்று தொடங்கி இன்னும் சிலவற்றைச் சொன்னாள். அவற்றைத் தாட்சாயினி எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார், சுமித்திராவும் சொல்லவில்லை. நானாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். தாட்சாயினி கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.   

பத்து மணியளவில் கிருசாந்தன் வாகனத்தில் வந்தான். தாட்சாயினியைவிட ஏழெட்டு வயது இளையவன். கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். வேலை நிறுத்திய காரணத்தைக் குறிக்க ஒரு படிவம் உண்டு. மழை, யானை நடமாட்டம், அம்புலன்ஸ் இல்லை என்று கட்டங்கள். இன்றைய காரணத்துக்கு அதில் கட்டம் இல்லை. தாட்சாயினி கீழே இருந்த வெறும் இடத்தில் எழுதினார்: 'குழுத் தலைவியின் கவனம் சரியில்லை.'

"அக்கா, இப்பிடி எழுதினால் உங்கட பேர்தான் பழுதாகும்," என்றான் கிருசாந்தன். "வேறை ஏதும் எழுதுங்கோ."

"வேறை என்ன சேர் எழுதுறது? மழை எண்டு எழுதவோ?"

நல்ல வெயில். கிருசாந்தன் வானத்தை ஒருதடவை பார்த்துவிட்டுப் படிவத்தை வாங்கிக்கொண்டு போனான்.

6

இங்கே ஒரு பக்கம் இருந்தது. இப்போது இல்லை. அதில் விசில் ஊதப்படவில்லை. தாட்சாயினி நான்காம் பாதையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் ஐந்தாம் பாதைக்குப் போனார். பிறகு ஒரு சத்தம். பிறகு மண், புகை, சுமித்திராவின் கை. சுமாராக எழுதியிருந்தேன் என்று சொல்லமாட்டேன். நன்றாகவே எழுதியிருந்தேன்.

அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை துணுக்காய்க்குப் போனேன். தாட்சாயினி குசினி வாசலில் நின்றபடியே வாசித்தார். வெடிக்கும் பக்கத்துக்கு வந்ததும் தாளைக் கீழே இறக்கினார்.

"இதை ஏன் வெடிக்க வைச்சனீங்கள்?"

"கதையில ஏதாவது நடக்கவேணும். விசில் ஊதி எல்லாரும் வெளியில வந்தால், வாசிக்கிறவை என்ன நடந்தது எண்டு கேப்பினம்."

"ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

"அதை எப்பிடி அக்கா கதையா எழுதுறது?"

"பன்னிரண்டு வருசமா ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதான் வேலை செய்தனான். அதை எழுதத் தெரியாட்டி விடுங்கோ." தாளை என்னிடம் நீட்டினார். "சுமித்திரா இதை வாசிப்பாள், அண்ணை. தன்ர கையை நீங்கள் கழட்டி எறிஞ்சிருக்கிறதை வாசிப்பாள்."

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். சுமித்திராவுக்கு இரண்டு கையும் இருக்கிறது.

7

பிறகு நடந்தவை.

புதன்கிழமை காலை, கவசங்களை மாட்டுவதற்கு முன்னால் தாட்சாயினி எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தார். ஒவ்வொருவரும் 'சரி' அல்லது 'இண்டைக்குச் சரியில்லை' என்று சொல்லவேண்டும். சரியில்லை என்றவர் நிழலில் இருப்பார். காரணம் கேட்கப்படாது. முதலில் தாட்சாயினி சொல்வார். அவர் சரியில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை.

புதன்கிழமை அவர், "சரி" என்றார். இரண்டு பேர் நிழலில் இருந்தார்கள். வியாழக்கிழமை ஒருவர். கடிதம் வந்த வெள்ளிக்கிழமை, சுமித்திரா உட்பட நான்கு பேர். அடுத்த கிழமை ஜெயரூபி தொடர்ந்து நான்கு நாள், "சரியில்லை" என்றாள். நான்கு நாளும் நிழலில் இருந்து தண்ணீர் குடித்தாள். அவள் உண்மையாகவே சரியில்லாமல் இருந்தாளா, தலைவிக்கு எதிராக இருந்தாளா என்று ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாம் நாள், "சரி" என்று இறங்கினாள். அன்று அவளுடைய பாதையில் இரண்டு மிதிவெடிகள் எடுத்தாள்.

[பயிற்றுநர் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார். நான் அதை மொழிபெயர்த்தும் கொடுத்திருப்பேன்.]

அந்த நிலம் மயில்வாகனம் என்பவருடைய வயல். அறுபத்தைந்து வயது. ஒவ்வொரு நாளும் எல்லைக் கயிற்றுக்கு வெளியே சைக்கிளோடு வந்து நிற்பார். மாதக் கடைசியில் திட்டம் நிற்கப்போவது அவர் காதுக்கும் போயிருந்தது.

"பிள்ளை, அதுக்கிடையில முடிச்சுப்போடுவியளோ?"

"தெரியாது ஐயா."

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"சொன்னால் நான் அவசரப்படுவன் ஐயா. நான் அவசரப்பட்டால் பிள்ளையளும் அவசரப்படுவினம்."

முடியவில்லை. கடைசி நாள் மத்தியானம் கணக்குப் பார்த்தபோது காட்டுப் பக்கமாகச் சோதிக்காத ஒரு நிலக் கீலம் மிஞ்சியிருந்தது. இரண்டு உழவு இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் போகும் அகலம். சுத்தமான பகுதியிலிருந்து முன்பு பிடுங்கிய, ஆபத்தைக் குறிக்கும் சிவப்புத் தலைக் கட்டைகளைத் தாட்சாயினியும் சுமித்திராவும் கொண்டுவந்து புதிய எல்லையில் அடித்தார்கள். பிறகு தாட்சாயினி மயில்வாகனத்தைக் கூட்டிக்கொண்டு அந்த எல்லை நெடுகலும் நடந்தார்.

"அங்காலை?" என்று கேட்டார் மயில்வாகனம்.

"அங்காலை காலை வைக்கவேண்டாம். ஆரும் வந்து எடுக்கும்வரைக்கும் மாட்டையும் விடவேண்டாம்."

 மயில்வாகனம் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று கடைசிவரை எண்ணிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

செவ்வாய்க்கிழமை வேலையை நிறுத்தாமல், நிழலில் இருந்த நாட்களையும் சேர்த்து வேலை செய்திருந்தால் முடிந்திருக்குமா என்று தாட்சாயினியிடம் கேட்டேன்.

"முடிஞ்சிருக்கும்," என்றார்.

8

இனி முடிவு.

மூன்று பெயர்களை அவர் மூன்று தடவை எழுதினார். முதல் பட்டியலில் ஜெயரூபி இல்லை. எழுதி முடித்துப் பார்த்தபோது தனக்கு அவள்மேல் கோபம் இருப்பது தெரிந்தது. கிழித்துவிட்டு, ஜெயரூபியைச் சேர்த்து இரண்டாவது எழுதினார். கோபம் இல்லாதவள் என்று தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் சேர்த்திருக்கிறார் என்று தெரிந்தது. அதையும் கிழித்தார். மூன்று நாள் விட்டு, ஒரு காலை, மனம் வெறுமையாக இருந்ததாக அவருக்குப் பட்ட நேரத்தில் மூன்றாவது எழுதினார். அதில் சுமித்திரா இருந்தாள், வேறு இரண்டு பேர் இருந்தார்கள். ஜெயரூபி இல்லை. தாட்சாயினிக்கு வேறு இடம் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசி நாள் பின்னேரம், கட்டைகளை அடித்து மயில்வாகனத்தை அனுப்பிய பிறகு, எல்லோரையும் தறப்பாள் நிழலுக்குக் கூப்பிட்டார். அடுத்த நாள் அலுவலகம் தொலைபேசியில் சொல்வதாக இருந்தது. அதற்கு முன்னால் தன் வாயால் கேட்கட்டும் என்று மூன்று பெயரையும் வாசித்தார். சுமித்திரா அழுதாள். அது சந்தோசமா என்று அவளுக்கே தெரியவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஜெயரூபி கவசத்தைக் கழற்றி மடித்து, மற்றவற்றின்மேல் வைத்துவிட்டு வந்தாள். கத்தவில்லை.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"அண்டைக்கு நான் கத்தினபடியாலோ?"

இந்த இடத்துக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவில் தாட்சாயினி, "இல்லை" என்கிறார். ஜெயரூபி நம்புகிறாள், அல்லது நம்பியதுபோல் போகிறாள். எட்டுப் பேரும் ஒரே வாகனத்தில் வீடு திரும்புகிறார்கள்.

இரண்டாம் முடிவில், "ஓம்" என்கிறார். மூன்று பட்டியல்களின் கதையையும் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க ஜெயரூபிக்கு என்ன தலைவிதி என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் முடிவில், "தெரியேல்லை" என்கிறார். இதுதான் உண்மையாக இருக்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் வேலை போன ஒருத்தியின் கையில் கொடுத்து அனுப்ப அது மிகச் சிறிய சொல்.

நான்காம் தடவை துணுக்காய்க்குப் போனது இதைக் கேட்கத்தான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.  தாட்சாயினி சொல்லப் பார்த்தார், விட்டார். பிறகு, "அதை அவளுக்குத்தான் சொன்னனான்," என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மூன்று முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்து எழுதிவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். எழுதினால் அவருடைய வாயில் நான் வைக்கும் சொல்லாகத்தான் அது இருக்கும். ஆகவே உங்களிடம் விடுகிறேன்.

நீங்கள் குழுத் தலைவி. கடைசி நாள், பின்னேரம் நாலரை மணி. வாகனம் வந்து நிற்கிறது. பட்டியல் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. ஜெயரூபி கேட்டுவிட்டாள், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மற்ற ஏழு பேரும் அவளைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

சொல்லுங்கள்.